முன்பாரம்

தேற்றாத்தீவு நல்லரத்தினம் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் அல்ல. விற்கிறவன் விலையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அதில் மூன்றிலொன்றைக் கழித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அவர் வருவதைக் கண்டால் சந்தையில் மரக்கறிக்காரிகள் விலையைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். கூட்டுவது அவருக்கும் தெரியும். கூட்டியதையும் சேர்த்துத்தான் கழிப்பார். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நட்டமில்லை, பொழுதுதான் போகும்.

அப்படிப்பட்டவர் புரட்டாதிக் கடைசியில், மழை பிடிக்குமுன்னம், பழைய சுழல்கலப்பை ஒன்று வாங்க ஓட்டமாவடிக்குப் போனார். மனைவி வதனியும் கூடப் போனாள். போகாமல் முடியாது. காணி அவளுடையது, வாவிக்கு அந்தப்புறம் படுவான்கரையில் தாயிடமிருந்து வந்த சீதனக் காணி. அதைவிட, புருசன் பேரம் பேசி உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து, "சரி வாங்க, போவம்" என்று சேட்டுக் கையைப் பிடித்து இழுப்பது அவளுடைய வேலை. அந்த ஒரு சொல்லில் பல வியாபாரிகள் இறங்கி வந்திருக்கிறார்கள். இருபது வருசமாக அந்த வேலையை அவள் ஒரு பிழையுமில்லாமல் செய்து வருகிறாள்.

உழவு மெசின் மாசியில் வாங்கியது. யப்பானில் எவனோ தோட்டத்தில் ஓட்டிக் கழித்தது. பதினெட்டுக் குதிரை வலு, செம்மஞ்சள் நிறம், பக்கத்தில் நின்றால் ஆளின் நெஞ்சுக்கு வரும். ஊர் அதற்குக் குட்டி மெசின் என்று பெயர் வைத்தது. பின்னால் பெட்டி பூட்டித் தேங்காயும் செங்கல்லும் ஏற்றினார்கள். வைகாசியில் நல்லரத்தினம் காய்ச்சலில் படுக்க, வதனியே ஏறி ஓட்டி மூன்று கிழமை செங்கல் இறக்கினாள். ஆனால் கலப்பை இல்லாத மெசின் வயல் வட்டைக்கு என்னத்துக்கு?

ஓட்டமாவடியில் கச்சி முகம்மதுவின் வளவு முழுக்கப் பழைய உழவுச் சாமான். தட்டுக் கலப்பைகள் ரொட்டி அடுக்கியதுபோலக் கிடந்தன. அவர் ஒரு பீப்பாவின் மேல் பூட்டிய மெசின் சீட்டில் குந்தியிருந்து, வருகிறவர்களை முழங்காலிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தார். பழைய சாமான் வியாபாரத்தில் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான். கால் எந்தச் சாமானுக்குப் பக்கத்தில் தயங்குகிறது என்பதுதான் முதல்.

"வாங்க தம்பி, தங்கச்சி வாங்க. என்ன மெசின் வெச்சிரிக்கிங்க?"

நல்லரத்தினம் சொன்னார்.

"குட்டியா. அப்ப இந்த நாலடி ரொட்டரிதான். அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி."

நல்லரத்தினத்தின் கால் நாலடிச் சுழல்கலப்பையின் பக்கத்தில் தயங்கவில்லை. அதற்கப்பால் கரும்பச்சை நிறத்தில் கிடந்த ஐந்தடியின் பக்கத்தில் போய் நின்றது.

"இது எப்பிடி, முகம்மது காக்கா?"

"அது பெரிய மெசினுக்குள்ளது. முன்னூறு கிலோவுக்கு மேல."

"விலை?"

கச்சி முகம்மது சொன்னார். சின்னதைவிடக் குறைவு.

"பெரிசு மலிவு, சிறிசு விலையா? சிறிசுதான் ருசியெண்டு சொல்ல இது சூடை மீனா?"

"சிறிசுக்கு நாலு பேர் கேட்டிரிக்காங்க. பெரிசுக்கு ஆள் இல்ல. இதுக்கு வேற விளக்கம் இல்ல தம்பி."

வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்த எவனும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பான். ஆள் இல்லாத சாமானுக்கு ஏன் ஆள் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் நடப்பான். நல்லரத்தினம் விலையைப் பார்த்தார். ஐந்தடி ஒரு ஓட்டத்தில் உழுதால் நாலடியை விட எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். பேரத்தைத் தொடங்கிவிட்டார்.

தேத்தண்ணி வந்தது. விலை இறங்கியது. இன்னொரு தேத்தண்ணி வந்தது.

"எடுக்கிற எண்டா ஒண்டு" என்று கச்சி முகம்மது எழும்பினார். "குட்டி மெசினுக்கு இது பின்னுக்குக் கனம். முன்னுக்குப் பாரம் வேணும். இந்தா, நாலு கட்டி. ஒண்டு இருவது கிலோ. முன் இரும்பில கொளுவினாச் சரி. இதுவும் சேத்துத்தான் நான் சொன்ன விலை."

நல்லரத்தினம் சிரித்தார். இந்த வித்தை அவருக்குத் தெரியும். விற்கிறவன் 'இதையும் சேர்த்து' என்றால், 'இதைக் கழித்து' என்பதுதான் மறுமொழி.

"கட்டியக் கழிச்சுப்போட்டு விலையச் சொல்லுங்க."

"கட்டியக் கழிக்க ஏலாது தம்பி."

"இரும்பத் தூக்கிற மெசினுக்கு இன்னும் இரும்பா? எம்பது கிலோ பழைய இரும்பு என்ன விலை போகும் காக்கா? அதக் கழியுங்க."

"கழிக்கலாம். கழிச்சா எனக்கு நட்டம் இல்ல."

வதனிக்கு நேரம் தெரியும். "சரி வாங்க, போவம்" என்று சேட்டைப் பிடித்தாள்.

கச்சி முகம்மது அவளைப் பார்த்தார். "நீங்களுமா தங்கச்சி" என்றார். பிறகு கட்டிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கழித்த விலைக்குக் கையை நீட்டினார்.

சாமானை லொறியில் ஏற்றிய பிறகு, கச்சி முகம்மது வதனி இருந்த பக்கத்துக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வியாபாரத்துக்காகச் சொன்னதில்ல புள்ள. ஏத்தத்தில கவனம்" என்றார். அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. உழப்போகிறவனுக்குக் கெட்ட சொல் சொல்லி அனுப்ப ஒரு வியாபாரிக்கு மனம் வராது.

வழி நீள நல்லரத்தினத்துக்குச் சிரிக்கக் கிடந்தது. "எம்பது கிலோ இரும்ப மருந்து மாதிரிக் கட்டப் பாத்தான் மனிசன்" என்று தன்னாமுனை வரும்வரை சொல்லிச் சிரித்தார். வதனியும் சிரித்தாள்.

திருத்த வேலை இராசதுரையின் பட்டறையில். அவன் வதனியின் மாமன் மகன். மச்சாள் என்று கூப்பிட்டு வாய்க்கு வந்ததைப் பேசும் உரிமை அவனுக்கு உண்டு. கியர்ப் பெட்டியைத் திறந்தால் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. முந்தின ஆள் இடக்கத்தியை வலத்திலும் வலக்கத்தியை இடத்திலும் பூட்டி வைத்திருந்தான். கலப்பையைக் கொளுவும் ஆணி தடிப்பு, குட்டி மெசினின் கையிலுள்ள ஓட்டை சின்னது. இராசதுரை ஆணியை வெட்டிச் சிறிசு வைத்து ஒட்டினான். கலப்பையைச் சுழற்றும் தண்டில் நாலு விரல் குறைத்தான். தேய்ந்த கத்திகளுக்கு நுனி வைத்தான். மூன்று நாள் பொறி பறந்தது. வதனி மதியம் மதியம் சோறும் இறால் சொதியும் முருங்கையிலை வறையும் கட்டிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் புதன்கிழமை நல்ல நேரம். அன்றுதான் கலப்பையை மெசினில் பூட்டி உழவுக்கு நாள் வைத்தார்கள். நெற்கதிரைச் சூடு மிதிக்கும் களத்தில் சில சொற்களைச் சொல்லக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நல்லரத்தினத்தின் குடும்பத்தில் அது உழவுக்கும் உண்டு. நாள் வைத்தால் விதைப்பு முடியுமட்டும் வாயில் கெட்ட சொல் வரக்கூடாது. முறியும், விழும், சரியும் என்று எதுவும் சொல்லக்கூடாது. வழியில் பாம்பைக் கண்டாலும் 'கயிறு கிடக்கு' என்பார்கள்.

கற்பூரம் அணைந்தது. நல்லரத்தினம் ஏறி லிவரை இழுத்தார். கலப்பை முனகிக்கொண்டு மேலே எழுந்தது. அது எழ எழ, மெசினின் மூக்கும் எழுந்தது. முன் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டு இரண்டு விரல் மேலே போய், தொங்கலில் மெல்லச் சுழன்றன.

வதனி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள்.

இராசதுரை கையைத் துடைத்தான். நடந்து போய் முன் பம்பரில் குந்தினான். சில்லுகள் நிலத்துக்கு வந்தன.

"முன்னுக்கு ஒராள் இருந்தாச் சரி" என்றான்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. மாரி தொடங்கினால் எந்த வட்டையிலும் ஏதாவது ஒரு மெசினின் மூக்கில் யாராவது குந்திக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

"மச்சாள் எத்தின கிலோ?"

"உனக்கென்னத்துக்குடா அது?"

"எழுவது இரிக்கும்" என்றார் நல்லரத்தினம், தன் சாமானை விலை சொல்கிறவரைப் போல. "அவன் தரப் பாத்தது எம்பது. பத்துத்தான் குறைவு."

"ரெண்டு கிழமை சோத்தக் கூட்டிப் போட்டாச் சரிவந்திரும் அத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். இராசதுரை சிரிக்கும்போது வதனியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்வை முன்சில்லில் இருந்தது. வாயில் வந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் எச்சிலோடு சேர்த்துத் துப்பினான். நாள் வைத்தாயிற்று.

மறுநாள் காலை வாவியைக் கடந்தார்கள். அங்கே பாலம் இல்லை. மிதவைகளின் மேல் பலகை தைத்து, பக்கத்தில் இயந்திரப் படகு கட்டிய 'பாதை' ஒன்றுதான் ஆளையும் வாகனத்தையும் கொண்டு போகும். ஏறும்போது இறக்கம், ஆகவே தொல்லை இல்லை. வதனி பம்பரில் ஒருக்களித்துக் குந்தி, இரண்டு கையாலும் முன்விளக்கைக் கட்டிப் பிடித்திருந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. காற்று விழுந்துபோய் வாவி எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கண்டல் வேர்களில் கொக்குகள் நின்றன. பள்ளிக்கூட ரீச்சர்மாரும் மீன் பெட்டிக்காரரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னக்கா, மெசினுக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கிறியள்?"

"இறங்கட்டும், பொட்டுக்குக் கால் இரிக்கெண்டு காட்டுறன்" என்றாள். அப்போது பயம் பேச விட்டது.

அந்தக்கரையில் இறங்குதுறை ஏற்றம். கொங்கிரீட்டில் பாசி படர்ந்திருந்தது. ஆட்கள் இறங்கி ஒதுங்கினார்கள். நல்லரத்தினம் கலப்பையை நன்றாக மேலே தூக்கினார், துறையில் இடிபடக்கூடாதே என்று. கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார்.

முன்சில்லு பலகையைத் தாண்டிக் கொங்கிரீட்டில் ஏறியது. பின்சில்லு பலகையின் விளிம்பில் முட்டி, உன்னி, ஏறியது.

அப்போது வதனிக்கு முன்னால் இருந்த ரோட்டு கீழே போயிற்று. பிறகு மரங்கள் கீழே போயின. கறுத்த வானம் மட்டும் இருந்தது. அவள் முதுகு எஞ்சின் மூடிப் பொனற்றில் சரிந்தது. கால் இரண்டும் காற்றில். தலையைத் திருப்பினாள். தனக்குக் கீழே, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல, புருசனின் முகம். அவருக்குப் பின்னால் கலப்பை. கலப்பைக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர். அவருடைய வாய் திறந்திருந்தது. தான் அவர் மேல் விழப்போகிறாள், தன் மேல் மெசின் விழப்போகிறது என்று ஒரு கணக்கு மிகத் துலக்கமாக அவளுக்குள் ஓடியது.

பின்னால் கலப்பை கொங்கிரீட்டில் இடித்து ஊன்றியது. எஞ்சின் உறுமல் தணிந்தது. மூக்கு ஒரு தரம் ஆடி, யோசித்து, பொத்தென்று கீழே வந்தது. அவளுடைய நாடி விளக்கில் அடிபட்டது.

துறையில் நின்றவர்கள் இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள். பாதைக்காரன் மட்டும், "கொஞ்சம் பாத்து அண்ணன்" என்றான்.

நல்லரத்தினம் பெரிதாகச் சிரித்தார். "குதிர மாதிரி நிமிருது கண்டியளா."

வதனியின் நாக்கு கடிபட்டு வாயெல்லாம் இரத்தம். உழவுக்குப் போகும் வழியில் இரத்தம் துப்பக்கூடாது. விழுங்கினாள்.

மீதி மூன்று மைல் கிறவல் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் விரல்கள் விளக்கை இறுக்கின. பயம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முழங்காலுக்குப் போனது, பல்லுக்கு வந்தது, காதுக்குள் எஞ்சின் சத்தமாக இருந்தது. சறுக்கினால் முன்சில்லுக்கு அடியில் தான். நிமிர்ந்தால் மெசினுக்கு அடியில் அவர். இரண்டில் எது நடக்கும் என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

காணி மூன்று வரவை, அதாவது மூன்று வயல் துண்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. ஒவ்வொன்றையும் சுற்றி வரம்பு. முதல் வரவைக்குள் ரோட்டிலிருந்து சரிவாக இறங்கலாம். அதை மதியத்துக்குள் உழுது முடித்தார்கள். கலப்பை நிலத்தில் கிடக்கையில் மெசின் பசுவைப்போலப் போயிற்று. கத்திகள் ஈரமண்ணைக் கிழித்துச் சுருட்டி எறிந்தன. நாரைகள் பின்னாலேயே வந்து புழு பொறுக்கின. வதனி வரம்பில் நின்று பார்த்தாள். அழகான உழவு. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த அழகைக் கண்டால் மனிசன் நிற்கமாட்டார்.

வயல் வாடிக் குடிலில் சோறு தின்றார்கள். பாரைக் கருவாட்டுக் குழம்பு, எருமைத் தயிர். அவளுக்குக் கடிபட்ட நாக்கில் உறைப்பு எரிந்தது. தயிரை மட்டும் நக்கினாள்.

"இஞ்சேருங்க. வரம்பு ஏறாமச் சுத்திப் போக ஏலாதா?"

"எதால சுத்துற? அங்கால வாய்க்கால், இஞ்சால வாய்க்கால். மத்தப்பக்கம் சீனித்தம்பிர வயல்."

"வேறாளுட பெரிய மெசினுக்குச் சொல்லுவமே."

"ஆர் வருவான் இப்ப? சனிக்கிழம தண்ணி துறக்கிறதெண்டு வாய்க்கால் பாக்கிற வட்டவிதானை சொல்லிப்போட்டார். அதுக்குள்ள உழாட்டி இந்தப் போகம் புல்லுத்தான்."

"எனக்கு என்னவோ..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் சொல்ல ஒரு சொல் வேண்டும். இருக்கிற சொல் எல்லாம் சொல்லக்கூடாத சொல்.

"என்ன?"

"ஒண்டுமில்ல."

"நீ இரிக்காய்தானே முன்னுக்கு" என்று அவர் கையைக் கழுவினார்.

அதுதான் அவளை அரித்தது. அவள் இறங்கி நின்றால் அவர் தனியே ஏறுவார். ஏறி இருந்தாலோ, இருக்கிறாள் என்ற துணிவில் இன்னும் வேகமாக ஏறுவார். அவளுடைய எழுபது கிலோ, மெசினை அழுத்துகிறதோ இல்லையோ, அவரை மேலே தூக்கிவிடுகிறது. போனவருசம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மெசின் வரம்பில் மல்லாந்து, ஓட்டினவனை எடுக்க நாலு மணித்தியாலம் சென்றதாகக் கேள்வி. அதை அவள் இப்போது நினைக்கவும் கூடாது. நினைத்தாள்.

இரண்டாம் வரவைக்குப் போகும் வரம்பு முழங்கால் உயரம். இடப்பக்கம் சீனித்தம்பி தன் வயலில் மண்வெட்டியோடு நின்றார். பக்கத்துக் காணிக்காரர், நல்லரத்தினத்தின் வயது. மழைத்தண்ணியைத் தேக்கி, சேறடித்து, விதைப்புக்கு ஆயத்தமாக வைத்திருந்தார். இரண்டு காணிக்கும் நடுவில் ஓடும் தாய்வரம்பும் இந்த மூலையில்தான் வந்து சேர்கிறது. மற்ற இடங்களில் வரம்பு இன்னும் உயரம், வெட்டித் தாழ்த்த ஒரு நாள் போகும்.

நல்லரத்தினம் மெசினை வரம்புக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறு" என்றார்.

வதனி ஏறவில்லை.

"என்னகா, நேரம் போகுது."

"நான் ஓட்டுறன். நீங்க முன்னுக்கு ஏறுங்க."

"ஆர், நீயா?"

"செங்கல் ஏத்தக்குள்ள ஆர் ஓட்டின?"

"அது பெட்டி. இது ரொட்டரி."

"அதே கிளச்சுத்தான்."

அங்கால் சீனித்தம்பி மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்தார். "நல்லரத்தினம், பொண்டாட்டி கேக்கிறா, குடுவன். வரம்புக்கு அங்கால விட்டுட்டுத் திருப்பி வாங்கிக்க."

ஆள் பார்க்கப் பேரத்தில் தோற்பது நல்லரத்தினத்துக்குப் பழக்கமில்லை. பின்வாங்குவது அதைவிடப் பழக்கமில்லை. சிரித்துக்கொண்டு இறங்கி வந்து பம்பரில் குந்தினார். மெலிந்த மனிதர். அவர் குந்தியபோது சில்லு ஒரு விரலும் அமரவில்லை.

வதனி சீட்டில் ஏறினாள். ஆசனத்தில் பயம் குறையும் என்றுதான் நினைத்திருந்தாள். லிவரை இழுத்தாள், கலப்பை எழுந்தது. எதிரே அவருடைய முதுகு. சேட்டு வியர்வையில் ஒட்டி, முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிடரியில் அவளே காலையில் பூசிவிட்ட திருநீறு. இந்த முதுகு முழுவதும் இப்போது அவளுடைய இடது காலில் இருந்தது. முன்னுக்கு இருந்தபோது தன் உயிர் மட்டும்தான் கையில். இங்கே இருந்தால் இரண்டு.

கிளச்சை மயிர் மயிராக விட்டாள். முன்சில்லு வரம்பில் ஏறியது. பின்சில்லு வரம்பின் அடியைத் தொட்டது.

மூக்கு எழுந்தது. ஏறின சில்லு இறங்க மறந்து மேலே போயிற்று. நல்லரத்தினம் மேலே போனார். அவருடைய சாரம் விரிந்தது, கால்கள் தொங்கின. கை விளக்கைத் தேடி, கிடைக்காமல், பொனற்றைத் தழுவியது. தலை திரும்பியது. துறையில் அவள் பார்த்த முகத்தை அவள் இப்போது கீழேயிருந்து பார்த்தாள்.

காலை அடியோடு மிதித்தாள். பின்னால் கலப்பை மண்ணில் ஊன்றியது. மெசின் அப்படியே நின்றது, போவதா வருவதா என்று. இவ்வளவு நேரமும் ஒரு மூச்சுத்தான். பிறகு மூக்கு இறங்கி, வரம்பில் மோதி, பின்னுக்கு உருண்டு நின்றது.

அவள் எஞ்சினை நிறுத்தினாள். தவளைச் சத்தம் கேட்டது.

நல்லரத்தினம் இறங்கவில்லை. விளக்கைக் கட்டிப் பிடித்தபடி குந்தியிருந்தார். திரும்பாமல், விளக்குக்குச் சொல்வதுபோலப் பேசினார்.

"துறையில நீ மேல போகக்குள்ள எனக்குக் கால் ரெண்டும் இல்ல, வதனி. கிளச்ச மிதிச்சது எந்தக் காலெண்டு இன்னும் தெரியா."

"அப்ப என்னத்துக்குச் சிரிச்சீங்க?"

"வேற என்ன செய்ய? அவ்வளவு சனம் நிக்கிது. வாயத் துறந்தா என்னென்னவோ வரப் பாத்திச்சு. சிரிப்ப விட்டன்."

"எனக்கும் வந்திச்சு. ரத்தம். விழுங்கிட்டன்."

அவர் இப்போது திரும்பிப் பார்த்தார். அவளுடைய நாடியில் நீலம் ஏறியிருப்பதைக் காலையிலிருந்து முதல் தடவையாகக் கண்டவர்போலப் பார்த்தார். இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டினார். கட்டு இரண்டு தரம் அவிழ்ந்தது. பிறகு வரம்பில் நடந்து சீனித்தம்பியிடம் போனார்.

வதனிக்கு அவர் என்ன கேட்கப்போகிறார் என்று விளங்கிவிட்டது. தாய்வரம்பின் மூலையை வெட்டித் தாழ்த்தினால் மெசின் ஏறாமல் போகலாம். ஆனால் வெட்டினால் சீனித்தம்பி மூன்று நாளாகத் தேக்கிய தண்ணி போய்விடும். வட்டையில் இன்னொருவனுடைய வரம்பில் மண்வெட்டி வைப்பது சண்டைக்கு அழைப்பது. கேட்பதும் அதற்குக் கிட்டத்தான்.

"என்ன, உன்ர பாரம் காணாதாமா?" என்று சீனித்தம்பி கேட்டார்.

"மச்சான், மூலைய ஒரு ஆறடி தாழ்த்தணும். பின்னேரத்துக்குள்ள கட்டித் தாறன்."

"என்ர தண்ணி?"

"போகும்."

"அதுக்கு என்ன சொல்றாய்?"

வழக்கமான நல்லரத்தினம் இந்த இடத்தில் பத்துச் சொல்லுவார். வதனி சீட்டில் இருந்தபடி காத்திருந்தாள்.

"பயமா இரிக்கு மச்சான்" என்றார். "மெசின் பிரளும். நான் இல்லாட்டி அவள், ஆரோ ஒராள் சாவம்."

சொல்லிவிட்டார். நாள் வைத்த உழவில், வயலுக்கு நடுவில், பட்டப்பகலில். நாரைகூடப் பறக்கவில்லை.

சீனித்தம்பி மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றினார். "துறையில நடந்தத மீன்காரப் பொடியன் வந்து சொன்னான். காலத்தால இருந்து பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். எனக்கும் சோறு இறங்கல்ல" என்றார். "நீயாச் சொல்லாம நான் எப்பிடிச் சொல்ற, நாள் வெச்ச வேலைக்கு? வா, நீ அந்தப்பக்கம் வெட்டு. தண்ணி கொஞ்சம் உன்ர வரவைக்குத்தானே வரும். வீணாப் போகல்ல."

இரண்டு பேரும் குனிந்து வெட்டினார்கள். மண் சளக் சளக்கென்று விழுந்தது. சேற்றுத் தண்ணி முதலில் நூலாக, பிறகு கயிறாக, பிறகு அலறிக்கொண்டு இறங்கியது. மழையும் தூறத் தொடங்கியது.

"புள்ள" என்று சீனித்தம்பி வதனியைக் கூப்பிட்டார். "முன்னுக்கு ஏத்தாத. திருப்பிப்போட்டுப் பின்பக்கமா ஏத்து. கனம் முந்திப் போனா மூக்குக்கு எழும்ப வேல இல்ல."

"பின்னுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லையே அண்ணன்."

"இண்டைக்குப் பழகு. ரொட்டரிய உசத்தாத, நிலத்தில படாம இருந்தாக் காணும்."

"நானே எடுக்கிறன்" என்று நல்லரத்தினம் மண்வெட்டியைப் போட்டார்.

"உங்கட கை நடுங்குது" என்றாள் வதனி. "உங்களுக்குக் கால் இருக்கெண்டாவது தெரியுதா இப்ப?"

அவர் காலைப் பார்த்தார்.

அவள் மெசினைத் திருப்பினாள். தாழ்த்திய இடத்தில் மண் சேறாகி மினுங்கியது. கழுத்தைத் திருகிப் பின்னே பார்த்துக்கொண்டு கிளச்சை விட்டாள். கலப்பை வெட்டுக்குள் நுழைந்தது. பின்சில்லு ஏறத் தொடங்கியது. ஆசனம் அவளுக்குக் கீழே சரிந்தது. மூக்கு எழுகிறதா என்று முன்னால் பார்த்தாள்.

நல்லரத்தினம் மெசினின் மூக்குக்குப் பக்கத்தில் சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தார். வலது உள்ளங்கையைப் பொனற்றின் மேல் வைத்து முழுப் பலத்தோடும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க" என்றாள். "உங்கட கையா இதப் புடிக்கப்போகுது?"

"நீ பின்னுக்குப் பார்."

"எடுங்க எண்டன்."

"நீ பார் வதனி, பின்னுக்குப் பார்."

அவள் பின்னுக்குப் பார்த்தாள். இன்னும் ஒரு மயிரிழை கிளச்சை விட்டாள். சில்லு சறுக்கி, பிடித்து, ஏறியது. மழையில் அவருடைய கை பொனற்றில் வழுக்கிப் போவது கேட்டது. திரும்ப அதே இடத்தில் வந்து பொத்தென்று பதிவதும் கேட்டது.